வரன் குரூப்பில் என் மகள்

ஏ.டி.எம். அறைக்குள் போனால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொள்வேன். அதன் முனைகளை எந்திரத்தின் மேல் கூடாரம் மாதிரி விரித்து, அதற்குள் முகத்தை நுழைத்துத்தான் ரகசிய எண்ணை அழுத்துவேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருமுறை எனக்குப் பின்னால் நின்றவர், "இன்னா சார், ஆவி புடிக்கிறியா? ஜல்தி முடி, வெளிய கியூ நிக்குது" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் துண்டை எடுக்கவில்லை.

மடிக்கணினி வாங்கிய அன்று அதன் கேமராவை எதைக் கொண்டு மூடுவது என்று யோசித்து, குளியலறைக் கண்ணாடியில் மனைவி ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டேன். மறுநாள் காலையில் பொட்டைக் காணோம் என்று அவள் தேடினாள்.

"கம்ப்யூட்டருக்கு வெச்சிட்டேன்" என்றேன்.

"இந்த ஊட்ல அதுக்காவது யாரோ பொட்டு வெக்கிறாங்களே" என்றாள்.

மகள் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "வெள்ளிக்கெழமைப்பா. பூவும் வெச்சுடு" என்றாள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தன் விவரம் வெளியே போய்விடுமோ என்று என்னைப் போல நடுங்கிய ஒரு பயந்தாங்கொள்ளி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்திருக்க மாட்டான். அப்படிப்பட்டவன் வீட்டுப் பெண்ணின் படமும் பெயரும், பிறந்த தேதியும் நேரமும், வேலை பார்த்த இடமும், அவள் அம்மாவின் கைப்பேசி எண்ணும் இன்று எத்தனை பேர் கையில் இருக்கின்றன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மகள் இப்போது இல்லை. அந்தப் படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் என் மனைவியைக் கூப்பிட்டு, "பொண்ணு ஜாதகம் பாத்தோங்க" என்கிறார். அந்தக் குரல் அவள் காதில் விழாமல் செய்ய வேண்டும் என்பதற்காக நான் அடித்த கூத்துகள்தான் இவை.

என் பயம் தொழிலில் வந்தது. 1993-இல் விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்துத் தெரு ஒன்றில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால் உலகத்துக்கே காது அடைத்துவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள். தூரத்து ஊருக்குப் பேசுவதால் கத்தியும் பேசினார்கள். யார் வீட்டில் யார் ஓடிப்போனார், யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிவிட்டார்கள், எல்லாம் மேஜைக்கு வந்துவிடும். கேட்காமலிருக்க ஒரு ரேடியோ வாங்கி வைத்தேன். உள்ளே யாராவது அழ ஆரம்பித்தால் ரேடியோவைக் கூட்டிவிடுவேன். ஒருவர் கதவைத் திறந்து, "யோவ், எதுக்குய்யா இப்டி அலற உடுற? நான் அழுவறது எனக்கே கேக்கல" என்று சண்டைக்கு வந்தார்.

அந்த வருஷம்தான் மகள் பிறந்தாள். திண்டிவனத்தில் இருந்த மாமனார் வீட்டுக்குச் சொல்ல என் பூத்துக்குள்ளேயே ஓடினேன். கதவைச் சாத்த மறந்துவிட்டேன். தேதி, கிழமை, நேரம் எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் விரலை விட்டுக் கணக்குப் போட்டு, "ரோகிணி சார்! தாய்மாமனுக்கு ஆவாது" என்று உள்ளே குரல் கொடுத்தார். மறுமுனையில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அந்தத் தாய்மாமனேதான். அவளைப் பற்றிய விவரம் முதன்முதலில் ஊரில் பரவியது அப்படித்தான், என் வாயால்.

எல்லார் கையிலும் போன் வந்ததும் பூத் படுத்துவிட்டது. திண்டிவனத்துக்குக் குடிவந்து, ஒரு ஜெராக்ஸ் எந்திரமும் சில கம்ப்யூட்டர்களும் போட்டு பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

"பாஸ்வேர்டு இன்னா வெக்கட்டும்?" என்று கேட்பேன்.

"நீயே நல்லதா ஒண்ணு வெச்சி உடு சார்" என்பார்கள், குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொல்கிற மாதிரி.

"அய்யய்யோ, எனக்குத் தெரியக் கூடாதுங்க. நீங்களே அடிங்க, நான் திரும்பிக்கறேன்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். அவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் உரக்கப் படித்தபடி அடிப்பார்கள். மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். யாராவது நாற்காலியை விட்டு எழுந்தால் தலையைத் தூக்காமலே, "அண்ணே, லாக் அவுட் பண்ணிட்டுப் போங்க" என்பாள். என் வியாபாரத்துக்கு அவள்தான் காவல்.

நான் போதித்ததெல்லாம் ஒரு பக்கம். என் கடைக்குச் சோறு போட்டது இன்னொரு பக்கம். அது ஜாதகம் டைப் அடிப்பது. மயிலம் கோயிலில் முகூர்த்தம் வரிசையாக விழும் மாதங்களுக்கு முன்னால் பெண்ணைப் பெற்றவர்கள், பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாரும் என் கடையில்தான் இருப்பார்கள். மேலே பிள்ளையார் சுழி. கீழே பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், நட்சத்திரம், நிறம், உயரம், படிப்பு, அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த ஊர், "மல்லாட்டை போடுற நெலம் உண்டு, மோட்டார் உண்டு" என்று நிலக்கடலைக் கொல்லை வரைக்கும் சொத்து விவரம், வலது மூலையில் படம், கடைசியில் போன் நம்பர். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதே, அம்மா பெயரை எவனுக்கும் சொல்லாதே என்று காலையில் கத்தியவன், சாயங்காலம் உட்கார்ந்து அதையே அழகான எழுத்துருவில் அடித்து, நூறு பிரதி எடுத்து, நான்காக மடித்துக் கொடுப்பேன். இதில் ஏதோ இடிக்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஆதார் என்றால் தகவல். பாஸ்வேர்டு என்றால் தகவல். ஜாதகம் என்றால் ஜாதகம், அவ்வளவுதான். எங்கள் ஜனங்களில் யாருக்கும் தோன்றாது. நாலு பேர் கைக்குப் போனால்தானே வரன் வரும்!

மகள் படித்து முடித்து மயிலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனாள். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவாள். வந்ததும் அன்றைக்கு மாணவர்கள் சொன்ன பொய்களை நடித்துக் காட்டுவாள். ஒரே மாணவனுக்கு ஒரே பாட்டி பலமுறை செத்த கதையெல்லாம் வரும். கல்யாணப் பேச்சு எடுத்தபோது அவள் மறுக்கவில்லை. அவள் மறுத்தது நான் டைப் அடித்துக் கொண்டுவந்த தாளை.

"இன்னாப்பா இது? கரண்ட் பில் மட்டுந்தான் பாக்கி. அதையும் ஒட்டிட வேண்டியதுதான?"

"எல்லாரும் இப்டித்தாம்மா குடுக்கறாங்க."

"உன் பாஸ்வேர்ட பொட்டிக்குள்ள பூட்டி வெக்கிற. என்ன ஊர் முழுக்க அனுப்பற."

படத்திலும் சண்டை வந்தது. தோழிகளோடு பெருமுக்கல் மலைக்குப் போனபோது உச்சியில் யாரோ எடுத்த படம் ஒன்று அவளிடம் இருந்தது. வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, காற்றில் பறக்கும் முடியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, எதற்கோ சிரிக்கிறாள்.

"கண்ணே தெரியலயே. ஸ்டூடியோவுல போயி ஒண்ணு எடுத்துக்கினு வா" என்றாள் என் மனைவி.

"இதான் நானு. இதப் பாத்து வர்றவன் வரட்டும், போறவன் போவட்டும்."

மகள்தான் ஜெயித்தாள். கடைசியில் போன் நம்பர் மிச்சமிருந்தது.

"உன் நம்பரப் போடுப்பா" என்றாள்.

"என் நம்பரா? கண்டவன்லாம் கூப்புடுவான். பேங்க்குல குடுத்த நம்பரும்மா அது. அம்மாவோடதப் போட்டுடலாம்."

"அம்மாவக் கண்டவன் கூப்ட்டா பரவால்லியா?"

"உங்கம்மா ஹலோன்னு சொன்னா எதிராளிதான் பயப்படணும்."

அடுப்படியிலிருந்து, "போட்டுக்கட்டும், போட்டுக்கட்டும். எம் பொண்ணுக்கு நான் பேசாம வேற யாரு பேசறது?" என்று குரல் வந்தது. அப்படித்தான் என் மனைவியின் எண் அந்தத் தாளின் அடியில் ஏறியது.

அந்த நாட்களில் கைப்பேசிக் குரூப்கள் பெருகிவிட்டன. எங்கள் ஜனங்களுக்கென்று ஒரு வரன் குரூப் இருந்தது. விழுப்புரத்தில் ரிட்டையர் ஆன ஒருவர் அதை நடத்தினார். காலையில் ஒரு முருகன் படம், பிறகு ஜாதகங்கள், இரவு வணக்கம். தாளைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். ஆன்லைன் திருமணத் தளம் ஒன்றிலும் மகள் பெயரில், அவள் எண்ணில் ஒரு கணக்கு திறந்தேன். சில இடங்கள் வந்தன, சில தட்டிப்போயின. அவசரம் ஒன்றும் இல்லை என்றுதான் இருந்தோம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கல்லூரியிலிருந்து பாதியில் வந்து படுத்தாள். காய்ச்சல். மாத்திரையில் இறங்கியது, மறுபடி ஏறியது. திண்டிவனத்தில் காட்டினோம், பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வண்டியில் தலை என் மடியில் இருந்தது. நான் போனை நோண்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "ஆஸ்பத்திரி வைஃபைல சேந்துடாதப்பா, உன் பாஸ்வேர்ட எடுத்துக்கப் போறானுங்க" என்றாள். என்னை அவள் செய்த கடைசிக் கிண்டல் அதுதான். அதற்கு நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. சிரித்திருக்க வேண்டும். அவள் சொல்லி நான் சிரிக்காமல் இருந்ததில்லை.

காரியம் முடிந்த மறுநாளே நான் ஓடிப்போய்ச் செய்த வேலை அவளுடைய எண்ணை ரத்து செய்தது. இறந்தவர்கள் நம்பரை வைத்து மோசடி செய்கிறார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்திருக்க, நான் சிம் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு போன் கடையில் நின்றேன். அந்தக் காட்சியை இப்போது நினைத்தால் எனக்கே என் மண்டையில் ஒன்று போடலாம் போலிருக்கிறது.

முதல் அழைப்பு தை பிறந்ததும் வந்தது. மனைவி வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள், அதனால் எனக்கும் கேட்டது.

"வணக்கங்க. குரூப்ல உங்க பொண்ணு ஜாதகம் பாத்தோம். எங்க பையனுக்குப் பொருந்துது. எப்ப வரலாம்னு..."

என் மனைவிக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. "பொண்ணு தவறிட்டாங்க" என்றாள்.

"அய்யய்யோ!" என்று அந்த அம்மா போனிலேயே அலறினார். "இன்னாம்மா இது, நல்ல காரியத்துக்கு மொத போன் போடறேன், எடுத்த ஒடனே இப்டிச் சொல்ற! சாமி படத்தாண்ட வெச்சிக் கற்பூரம் காட்டிட்டனே அந்தத் தாள! அத எடுத்து வெளிய போடுங்கடி மொதல்ல!"

கடைசி வரி அவர் வீட்டில் இருந்த யாருக்கோ சொன்னது. என் மனைவி, "மன்னிச்சிடுங்க" என்றாள். அதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. அவள் உரித்த பருப்பையும் உரிக்காததையும் ஒன்றாகக் கலந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று நான் சபதம் எடுத்தேன். உலகத்தில் இருக்கும் கடைசிப் பிரதி வரை அழிக்காமல் விடுவதில்லை என்று. பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவனுக்கு இது ஒரு வேலையா?

முதல் வேலையாகக் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன். "இந்தப் பெண் காலமாகிவிட்டாள். இந்த ஜாதகத்தை யாரும் வைத்திருக்க வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம், தயவுசெய்து அழித்துவிடவும்." எந்த ஜாதகம் என்று தெரிய வேண்டாமா? அதற்காக ஜாதகப் படத்தையும் கூடவே அனுப்பினேன். ஆமாம், நானேதான், என் கையால். கும்பிடும் கைகள் சில வந்தன. ஒருவர் "விரைவில் நல்ல வரன் அமைய வாழ்த்துகள்" என்றார். செய்தி அந்தக் குரூப்பிலேயே தங்கிவிட்டது. படம் மட்டும் காலும் கையும் முளைத்து அடுத்த குரூப்புக்கும் அதற்கடுத்த குரூப்புக்கும் போனது. அதுவரை ஒன்றோடு நின்றிருந்த அழைப்பு அன்று சாயங்காலமே வரிசை கட்டியது. கண்டாச்சிபுரம், திருக்கோவிலூர் பக்கத்திலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள்.

விழுப்புரத்துக்குப் போய் குரூப் நடத்துகிறவரை நேரில் பார்த்தேன். நல்ல மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் கண் முன்னாலேயே படத்தைத் தேடிப்பிடித்து அழித்தார்.

"தெரியாமப் போச்சே சார். முன்னாடியே சொல்லியிருந்தா..." என்றார்.

"சொன்னேங்க. குரூப்லயே போட்டேன்."

"எங்க சார், ஒரு நாளைக்கு அத்தினி வருது. நான் படத்த மட்டுந்தான் பாக்கறது."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சித்திரையில் அவருடைய மகன் அவருக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். பழைய போனில் எப்போதோ சேமித்ததெல்லாம் புதியதில் தானாக வந்து உட்கார்ந்தது. என் மகளும் வந்தாள். நினைவு வராமல் அவர் மறுபடி குரூப்பில் போட்டார். "புதிய வரன்" என்று தலைப்பு வேறு.

திருமணத் தளத்தில் வேறு கூத்து. கணக்கை மூட வேண்டும் என்று கூப்பிட்டால் ஒரு பெண் குரல், "ப்ரொபைல் வெச்சிருக்கவங்களே பேசணும் சார்" என்றது.

"அவங்க இறந்துட்டாங்கம்மா."

"சாரி சார். அப்ப அவங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதச் சொல்லுங்க. இது அவங்க பிரைவசிக்காகத்தான் சார்."

அந்த எண்ணை ரத்து செய்த புத்திசாலி யார் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கூப்பிட்டுப் பார்த்தேன். என் போன் திரையில் "பாப்பா" என்று எழுந்தது. மணி அடித்தது. எடுத்தார்கள். அந்த ஒரு நொடி எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுத வரவில்லை.

"ஹலோ, யாரு?" என்றது ஒரு கனத்த குரல். பின்னால் சந்தை இரைச்சல். எண் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது.

"அண்ணே, உங்க நம்பருக்கு இப்ப ஒரு ஓ.டி.பி. வரும். அத மட்டும் கொஞ்சம் சொல்லுங்கண்ணே."

சொல்லி முடித்ததும் என் குரல் எனக்கே திருடன் குரலாகக் கேட்டது.

"ஏன்யா, காலங்காத்தால வேற ஆளே கெடைக்கலியா? ஓ.டி.பி. சொல்லக்கூடாதுன்னு எங்க ஊட்டு மாட்டுக்குக்கூடத் தெரியும்."

"இல்லண்ணே. இது எம் பொண்ணு வெச்சிருந்த நம்பரு. அவ தவறிட்டா. அவ படத்த ஒரு எடத்துலேர்ந்து எடுக்கணும்."

"போன வாரம் ஒருத்தன் அவங்கப்பா சீரியஸ்னான். நீ பெத்த பொண்ணே செத்துடுச்சுங்கற. எதச் சொல்லி ஏமாத்தறதுன்னு ஒரு வெவஸ்த வேணாம்? தூ!"

வைத்துவிட்டார். அவர் செய்தது முழுக்க முழுக்கச் சரி. என் கடைக்கு வந்திருந்தால் நானே அவருக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பேன். அவர் என் கடைக்கு வந்தவராகக்கூட இருக்கலாம். கடைசியில் மகளின் ஆதாரையும் இறப்புச் சான்றிதழையும் படம் எடுத்து, முகம் தெரியாத யாருக்கோ மெயிலில் அனுப்பியபிறகுதான் அந்தத் தளத்திலிருந்து அவள் இறங்கினாள். ஏ.டி.எம்.மில் துண்டு போர்த்திக்கொள்கிறவன்தான் அனுப்பினான்.

குரூப்களை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓர் இடத்தில் அழித்தால் நாலு இடத்தில் இருந்தாள். ஆகவே கடைசி யோசனையாக மனைவிக்குப் புது எண் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

"இத போட்டுக்க. அப்புறம் எந்தப் போனும் வராது."

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வந்துட்டுப் போவுது" என்று அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது.

பிடிவாதம் என்று நினைத்தேன். ஒருநாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் அவளுடைய போன் அடித்தது. நான் பாய்ந்து எடுத்து, "ராங் நம்பர்!" என்று சொல்லி வைத்தேன். குடத்தோடு வந்தவள் கேட்டுவிட்டாள்.

"யாரு?"

"பொண்ணு கேட்டுத்தான். ராங் நம்பர்னு சொல்லிட்டேன். எப்டி?"

பாராட்டு வரும் என்று எதிர்பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

"அவள ராங் நம்பர்னு சொன்னீங்களா?" என்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் சாப்பிட வந்தபோது, பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டே அவள் போனில் பேசுவது கேட்டது. கொடியில் செருகிய போன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"பையனுக்கு இன்னா நட்சத்திரம்ங்க? அஸ்தமா? அய்யோ, ரஜ்ஜு தட்டுதுங்களே. ஆமாங்க, எங்களுது ரோகிணி. ரெண்டும் ஒரே ரஜ்ஜு, தாலி பாக்கியத்துக்கு ஆவாதும்பாங்க. இல்லீங்க, பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. காலேஜ்ல சொல்லிக்குடுக்குது. ஆமாங்க, மயிலத்துல. சமையல் சுமாராத்தான் வரும், ரசம் மட்டும் நல்லா வெக்கும். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி, அவங்கப்பா மாதிரி. ஒங்க பையனுக்கு நல்ல எடமா அமையட்டுங்க. வெச்சிடறேன்."

"சொல்லிக்குடுக்குது" என்றாள். "வெக்கும்" என்றாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே யாராவது அழும்போது ரேடியோவைக் கூட்டுகிறவன் நான். அங்கே கூட்ட ஒன்றும் இல்லை. அவளும் அழவில்லை. கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு அடுத்த துணியை உதறினாள்.

"எதுக்கு இப்டிப் பேசிக்கினு இருக்க?" என்று கேட்டேன்.

"செத்துட்டான்னு சொன்னா அவங்க பதறிப்போறாங்க. சாமி படத்தாண்ட வெச்சிருக்கறத எடுத்து வெளிய எறியறாங்க. எம் பொண்ண யாரும் எறிய வேணாம். பொருத்தம் இல்லீங்கன்னு சொன்னா மடிச்சி ஓரமா வெப்பாங்க."

"எல்லா நட்சத்திரத்துக்கும் பொருத்தம் இல்லன்னு எப்டிச் சொல்லுவ?"

"காலண்டர்ல பின்பக்கம் போட்டிருக்கறானே. ரஜ்ஜு இல்லன்னா கணம். கணம் இல்லன்னா வேற ஏதாவது கெடைக்கும். ஊர்ல இத்தினி கல்யாணத்த அத வெச்சித்தான கலைக்கறாங்க?"

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். மகள் போனபிறகு நான் அவள் முகத்தில் பார்த்த முதல் சிரிப்பு. மகளைக் காப்பது என் தொழில் என்று நினைத்திருந்தேன்; அதை அவள் செய்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் புது எண்ணைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அவள் போன் அடிக்கும்போதும் ஒன்றும் இல்லாத மாதிரி செய்தித்தாளை விரித்துக்கொள்வேன், சில சமயம் தலைகீழாக.

ஆடி கழிந்து ஆவணியில் ஒரு சாயங்காலம் அந்த அழைப்பு வந்தது. இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு கிராமத்து அம்மா. மயிலம் பக்கம்தான் ஊர். குரலில் அவசரமே இல்லை. பையன் பரணி என்றார். என் மனைவி எழுந்து காலண்டரைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினாள். தேடிய வரியையே மறுபடி தேடினாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் பொருந்துதுங்க" என்றாள்.

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இருக்கீங்களாம்மா?" என்றது போன். "பையன் பாத்துட்டு, ஸ்டூடியோவுல எடுக்காத போட்டோ, இந்தப் பொண்ணுதான்னு சொல்லிக்கினு கெடக்கறான். அதான் நானே பேசறேன்."

என் மனைவி கையை எடுத்தாள்.

"இருக்கேங்க. எல்லாம் பொருந்துதுங்க. ஆனா பொண்ணு இல்லீங்க. போன ஐப்பசில காச்சல்ல போயிடுச்சு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அய்யய்யோ என்ற சத்தம் வரவில்லை.

"ஒரே பொண்ணாம்மா?"

"ஒண்ணே ஒண்ணுங்க."

"ம்." பிறகு, "சாப்ட்டீங்களா இன்னிக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா.

அப்போதுதான் என் மனைவி அழுதாள். அந்தப் பக்கத்தில் அவர் போனை வைக்கவே இல்லை. அழட்டும் என்று காத்திருந்தார். பிறகு மெல்ல, "எங்க ஊட்ல எல்லார் போன்லயும் இருக்குதும்மா. நானே ஒவ்வொண்ணா வாங்கி அழிச்சிடறேன். பையனுக்கு நான் சொல்லிக்கறேன். இனிமே எங்களாண்டேர்ந்து யாருக்கும் போவாது" என்றார்.

அதைத்தான் நான் இத்தனை மாதமாக ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்தேன். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அழிச்சிடுங்க. அழிக்கறதுக்கு முந்தி ஒரு தரம் நல்லாப் பாத்துட்டு அழிங்க."

போனைக் காதிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார் போல, தூரத்தில் ஒரு கன்று கத்துவது மட்டும் கேட்டது. நாங்கள் இருவரும் அசையாமல் காத்திருந்தோம்.

"பாத்துட்டேம்மா" என்றார்.